ஒன்று கூடக் குறையக் கூடாது!
(காலித் தோட்டா உறைகளைச் சேகரிக்கும் கருவிகளும் வழிமுறைகளும்)

முன்னுரை

நம் மாணவர் பேரவை ஆண்டு மலரில் செயற்கைக்கோள், கணினி, சூரிய சக்தி என்று பெரிய விஷயங்களைப் பற்றித்தான் வழக்கமாகக் கட்டுரைகள் வரும். நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். நீளம் சுமார் பதினைந்தரை மில்லிமீட்டர், எடை அரை கிராமுக்குச் சற்று மேல். பாயிண்ட் 22 துப்பாக்கியால் சுட்ட பிறகு தரையில் விழுகிற பித்தளைக் கூடு அது. என்.சி.சி.யில் இருப்பவர்கள் அதை ‘எம்ப்டி’ என்பார்கள். பயிற்சி தரும் ராணுவத்தார் இந்தியில் ‘காலி கோக்கா’ என்பார்கள். நான் ‘உறை’ என்றே எழுதுகிறேன்.

“கீழே கிடக்கிறதப் பொறுக்குறதுக்கு ஒரு கட்டுரையாடா?” என்று என் வகுப்பு நண்பனே கேட்டான். சுடும் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரு கேடட் படுத்து, குறி பார்த்து, ஐந்து தோட்டா சுட்டு எழுந்திருக்கச் சில நிமிடம் போதும். ஒரே ஒரு உறை குறைந்துவிட்டால் போதும், மொத்தக் கூட்டமும் மண்டி போட்டுப் புல்லைத் தடவ வேண்டியதுதான். வண்டி கிளம்பாது, சாப்பாடு வராது. பாலக்கோட்டுக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று வயிறு கலங்கும்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், முகாம்களில் உறை சேகரிக்கும் குழுவில் வேலை பார்த்தவன். அங்கே கற்றதையும், நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துகொள்ளக் கூடிய ஒரு சாதனத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

1. உறை என்பது என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. முன்னால் குண்டு, அதன் பின்னால் வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உறை. விசையை இழுத்ததும் பிரைமர் தீப்பொறி கக்கி, மருந்து எரிந்து, குண்டு குழல் வழியே பறந்துவிடும். நம் பக்கம் மிஞ்சுவது உறை மட்டும்தான்.

உறையைப் பெரும்பாலும் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையில் செய்வார்கள். நம் மெட்டீரியல் பாடத்தில் ‘கார்ட்ரிட்ஜ் பிராஸ்’ என்று ஒரு வரியில் வருகிறதே, அதேதான். தகட்டைக் கிண்ணம் போல அழுத்தி, பிறகு படிப்படியாக நீட்டி இழுப்பார்கள். ‘டீப் டிராயிங்’ என்று படித்தோம் அல்லவா? இழுக்க இழுக்கப் பித்தளை இறுகிக்கொள்ளும். அதனால் இடையிடையே அனீலிங் செய்து இளக்குவார்கள். சுடும் நொடியில் உறை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி, வெளியே வர இடம் கொடுக்கும். இந்த இரண்டு குணமும் ஒருசேர வாய்த்ததால்தான் பித்தளைக்கு இவ்வளவு மதிப்பு.

அளவுகளையும் தெரிந்துகொள்வோம். பாயிண்ட் 22 உறையின் உடல் குறுக்களவு ஏறத்தாழ 5.7 மி.மீ., அடி விளிம்பு 7 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியின் 5.56 ரக உறை 45 மி.மீ. நீளம். எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் 7.62 ரக உறை 51 மி.மீ. நீளம், எடை சுமார் 12 கிராம். பெரிய உறைகளைத் தேடுவது கல்லுக்குள் காசு தேடுவது போல. பாயிண்ட் 22 உறையைத் தேடுவது புல்லுக்குள் நெல்மணி தேடுவது போல.

இந்தியாவில் சிறு ஆயுதத் தோட்டாக்களுக்குப் பழமையான இடம் புனே அருகே கட்கியில் உள்ள தொழிற்சாலை. அது 1869ல் தொடங்கியது. அதுவும் நம் நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. திருச்சியில் இருப்பது துப்பாக்கி செய்யும் தொழிற்சாலை.

நம் தருமபுரி மாவட்டத்து மலையோர ஊர்களில் கேள்விப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கு உறையே கிடையாது. மருந்தையும் ரவையையும் குழல் வாயிலிருந்தே போட்டுக் குச்சியால் இடிப்பார்கள். சுட்ட பின் கையில் எண்ணிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அனுமதியில்லாத அந்தத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிப் போலீசாரும் வனத்துறையினரும் கிராமம் கிராமமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். எத்தனை முறை சுடப்பட்டது என்பதற்கு அவற்றில் சாட்சி இல்லை. உறை உள்ள தோட்டாவுக்குத்தான் அந்தச் சாட்சி உண்டு.

2. ஏன் எண்ண வேண்டும்?

நாம் உறை பொறுக்குவது பித்தளை விலைக்காக அல்ல. அமெரிக்கா போன்ற நாடுகளில் தனியார் சுடுகளங்களில் ஆட்கள் உறையைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. மேலும் பாயிண்ட் 22 உறையில் பிரைமர் அடி விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஊசி குத்தி நசுங்கிய பிறகு அது சாதாரணமாக மறு உபயோகத்துக்கு ஆகாது. நாம் பொறுக்குவது கணக்குக்காக. கணக்கு இதுதான்:

வழங்கிய தோட்டா = காலி உறை + வெடிக்காத தோட்டா + திருப்பித் தந்த தோட்டா.

ஓர் உதாரணம் பாருங்கள். 40 கேடட், ஆளுக்கு 5 வீதம் 200 தோட்டா வழங்கியாயிற்று. மாலையில் காலி உறை 196, வெடிக்காதது 1, திரும்பி வந்தது 2. ஆக 199. ஒன்று குறைகிறது. அந்த ஒன்று புல்லுக்குள் கிடக்கும் வெற்று உறையாக இருக்கலாம். யாருடைய பாக்கெட்டிலோ இருக்கும் உயிருள்ள தோட்டாவாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல ரிஜிஸ்டரால் முடியாது. உறை கையில் வந்தால்தான் அந்தத் தோட்டா சுடப்பட்டது என்று நிரூபணம். அதனால்தான் அரை கிராம் பித்தளைக்காக இத்தனை பேரை நிறுத்தி வைக்கிறார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் சார் இதையே ஒரு வரியில் சொல்லுவார்: “தம்பி, குண்டு எங்க போச்சுன்னு நான் கேக்கல. கோக்கா எங்க, அதச் சொல்லு!” பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் சட்டைப்பை, பெல்ட், ஷூ எல்லாம் பார்த்து, ‘என்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை’ என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ரேஞ்சை விட்டு நகர வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக். ஜெனரல் டயர் 50 சிப்பாய்களை வைத்து, கூடியிருந்த மக்கள் மீது சுமார் பத்து நிமிடம் சுட வைத்தான். பாடப் புத்தகத்தில் நாம் படிக்கும் ‘1650 சுற்று’ என்ற எண், சிப்பாய்கள் பொறுக்கிய காலி உறைகளை எண்ணியதிலிருந்து வந்தது என்றே சொல்லப்படுகிறது. 1650ஐ 50ஆல் வகுத்தால் ஆளுக்கு 33. பயத்தில் நாலு குண்டு சுட்டுவிட்டோம் என்று யாரும் தப்பிக்க முடியாத எண்! இறந்தவர் எத்தனை பேர் என்பதில் அரசு 379 என்றது, காங்கிரஸ் விசாரணை ஆயிரத்தை நெருங்கும் என்றது. அந்தச் சர்ச்சை நூறாண்டாகியும் தீரவில்லை. சுட்ட சுற்றின் எண்ணிக்கையில் அப்படிப்பட்ட சர்ச்சை இல்லை. உறை எண்ணியிருந்தது.

3. உறை எங்கே போய் விழும்?

தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நமக்குப் பயிற்சிக்குத் தரப்படும் பாயிண்ட் 22 துப்பாக்கி போல்ட் ரகம். சுட்டதும் உறை தானாக வெளியே வராது. நாம் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுக்கும்போது, போல்ட் முனையிலுள்ள கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்து இழுத்து வரும். எதிர்ப்பக்கத்தில் உள்ள தடுப்பில் விளிம்பு மோதியதும் உறை திரும்பி வலப்பக்கம் தெறிக்கும். எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. படீரென்று இழுத்தால் பக்கத்து ஆளின் இடத்துக்கே போகும். நிதானமாக, ஒரே சீராகப் பின்னால் இழுத்தால் முழங்கைக்கு அருகிலேயே விழும். காசு செலவில்லாத முதல் உபாயம் இதுதான்.

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் கதையே வேறு. வாயுவின் வேகமே போல்ட்டைத் தள்ளுவதால் உறை சூடாகச் சில மீட்டர் தள்ளி வலப்பக்கம் விழும். ஆனாலும் ஒரே துப்பாக்கி, ஒரே ரகத் தோட்டா என்றால் உறைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் குவியும். முதல் இரண்டு மூன்று உறை எங்கே விழுகிறது என்று ஒருவர் பின்னாலிருந்து கவனித்துவிட்டால், மீதியை அங்கே எதிர்பார்க்கலாம். ரிவால்வரில் உறை உருளைக்குள்ளேயே தங்கிவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

4. விழுவதற்கு முன்பே பிடிப்பது

நம்மூரில் புளி உலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மரமேறி உலுக்கிவிட்டு அப்புறம் மண்ணில் பொறுக்குவார் யாரும் உண்டா? முதலில் கீழே சாக்கும் படுதாவும் விரித்த பிறகுதான் மேலே ஏறுவார்கள். உறைக்கும் இதே புத்திதான் வேண்டும்.

(அ) படுதா: சுடுபவரின் வலப்பக்கம் சுமார் 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். ஓரங்களில் கல் வையுங்கள். நீல நிறம் நல்லது. மஞ்சள் பித்தளை அதில் பளிச்சென்று தெரியும். முழங்கைக்கு அடியில் தார்ப்பாய் வரக் கூடாது, வழுக்கினால் குறி தவறும். மெல்லிய பாலித்தீன் தாள் வேண்டாம்; பெரிய துப்பாக்கிகளின் சூடான உறை பட்டால் ஓட்டை விழும். தரையில் நெருஞ்சி முள் இருந்தால் முதலில் பெருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்குத் தார்ப்பாய் சல்லடைதான்.

(ஆ) வலைத் தடுப்பு: உறை தூரமாகத் தெறிக்கும் துப்பாக்கிகளுக்கு இது ஏற்றது. முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டர் உயரச் சட்டம் செய்து, பழைய கொசுவலையைத் தொங்கவிட்டு வலப்பக்கம் நிறுத்துங்கள். வலையை இறுக்கிக் கட்டினால் உறை பட்டுத் திரும்பி எகிறும். தொளதொள என்று விட்டால் வேகம் செத்து அடியிலேயே விழும். வெளிநாட்டில் துப்பாக்கியிலேயே மாட்டும் சிறு வலைப்பையும் விற்கிறார்கள். நமக்குத் தரப்படுவது அரசாங்கத் துப்பாக்கி. அதில் எதையும் மாட்டவோ கட்டவோ நமக்கு அனுமதி கிடையாது. தனியாக நிற்கும் சட்டமே நமக்குச் சரி.

(இ) சுண்ணாம்புக் கோடு: கபடி மைதானத்துக்குப் போடுவது போல ஒவ்வொரு சுடும் இடத்துக்கும் சுண்ணாம்புப் பொடியால் எல்லை போட்டு எண் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காலி டப்பா. ஏழாம் இடத்து உறை ஏழாம் டப்பாவில்தான் விழ வேண்டும்.

(ஈ) அணிக்கு அணி எண்ணுதல்: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பத்துப் பத்துப் பேராகச் சுடும்போது, ஒவ்வொரு அணியும் எழுந்தவுடனே எண்ணிவிட வேண்டும். கடைசியில் மொத்தமாக எண்ணினால், குறைகிற ஒன்று எந்த அணி, எந்த இடம் என்று தெரியாது. 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆக 100 சதுர மீட்டரைத் தடவ வேண்டும். அணிக்கு அணி எண்ணினால், ‘மூன்றாம் அணி, ஏழாம் இடம்’ என்று தெரிந்துவிடும். 2க்கு 2 மீட்டர், நாலே சதுர மீட்டர்தான். தேடும் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிட்டது பாருங்க! அதற்கு மேல் மற்றவர் காலடியில் மிதிபட்டு உறை மண்ணுக்குள் போவதும் தப்பும்.

5. விழுந்த பிறகு தேடுவது

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு தப்பிவிடும். அப்போது என்ன செய்வது?

முதல் விதி: யாரும் நடக்காதீர்கள்! ‘காணோம்’ என்றதும் நாலு பேர் ஓடி வந்து தேடுவதுதான் உறையைத் தொலைக்கச் சிறந்த வழி. நம்மூர்ச் செம்மண் மழைக்குப் பின் மிருதுவாக இருக்கும். ஒரு பூட்ஸ் கால் பட்டால் உறை ஒரு அங்குலம் உள்ளே போய்விடும். சுடுகிறவரையும் அவருக்குப் பின்னாலிருந்து பார்த்தவரையும் மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு சட்டைக் காலர், மடித்த கை, தொப்பி, ஷூ லேஸ், தார்ப்பாயின் மடிப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். தரையில் கிடப்பதாக நாம் நினைக்கும் உறை பல சமயம் இவற்றில்தான் இருக்கும்.

வெயிலைப் பயன்படுத்துங்கள். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் சாய்வாக வரும்போது தலையைத் தரையோடு தாழ்த்திப் பார்த்தால் பித்தளை மினுக்கும். மேகமூட்டமாக இருந்தால் டார்ச் விளக்கைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். உருண்டையான உலோகத்தில் ஒரு கோடு போல வெளிச்சம் தெறிக்கும். கல்லில் அப்படித் தெறிக்காது.

வரிசை கட்டித் தேடுங்கள். தோளோடு தோள் ஒட்டி மண்டியிட்டு, ஒரே நேரத்தில் ஒரு சாண் ஒரு சாணாக முன்னேற வேண்டும். கைவிரலால் புல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோடு முடிந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு முறை. இரண்டு திசையில் பார்த்தால் புல்லின் நிழலில் மறைந்தது தப்பாது.

இனி கருவிகள்:

வாரி: புல் அடர்ந்த இடத்தில் மெல்லிய கம்பிப் பற்கள் வைத்த வாரியால் மேலாக இழுத்தால் உறைகள் மேலே வரும். அழுத்தி இழுத்தால் புதைந்துவிடும்.

சல்லடை: மேல் மண்ணை அரை அங்குலம் சுரண்டிச் சலிக்கலாம். பாயிண்ட் 22 உறை 5.7 மி.மீ. குறுக்களவுதான் என்பதால், கொத்தனார் மணல் சலிக்கும் பெரிய கண் சல்லடையில் செங்குத்தாக நழுவிப் போய்விடும். 5 மி.மீ.க்கு மேல் கண் இருக்கக் கூடாது. 7.62 உறைக்கு 10 மி.மீ. கண் போதும், வேலையும் வேகமாக நடக்கும். ஈர மண்ணைச் சலிக்காதீர்கள், உறைக்குள் மண் அடைத்துக் கட்டியோடு கட்டியாகப் போய்விடும்.

உருளைக் கூண்டு: மேல்நாடுகளில் மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்க முட்டை வடிவக் கம்பிக் கூண்டு ஒன்றை நீளக் கைப்பிடியில் மாட்டி உருட்டுவார்கள். தரையில் அழுத்தும்போது கம்பிகள் விலகிப் பொருள் உள்ளே புகும். பிறகு கம்பிகள் பழையபடி சேர்ந்துகொள்ளும். அதே கருவியைக் கம்பி நெருக்கமாக வைத்து உறை பொறுக்கவும் பயன்படுத்துகிறார்கள். குனியாமல் வேலை நடக்கும். சமதரையில் நன்றாக உழைக்கும். உயரமான புல்லிலும் கல் நிறைந்த தரையிலும் சுகப்படாது. ஸ்பிரிங் கம்பி கிடைத்தால் நம் மாணவர்கள் புராஜக்ட் ஆகவே செய்து பார்க்கலாம். பாயிண்ட் 22க்கு என்றால் கம்பி இடைவெளி ஐந்தரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

காந்தம்: “பெரிய காந்தத்த இழுத்துட்டுப் போனா எல்லாம் ஒட்டிக்காதா?” என்று முதலாண்டுத் தம்பிகள் கேட்கிறார்கள். செம்பும் துத்தநாகமும் காந்தத்தில் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ஆனால் காந்தத்துக்கு வேறு வேலை உண்டு. சலித்த குப்பையில் காந்தத்தை ஓட்டினால் ஆணி, கம்பித் துண்டு, இரும்புத்தூள் எல்லாம் போய்விடும். மிச்சத்தில் உறையைப் பார்ப்பது சுலபம். மெட்டல் டிடெக்டர் பித்தளையைக் காட்டும். ஆனால் சோடா மூடிக்கும் பழைய ஆணிக்கும் அதே மாதிரி கத்தும்.

6. எண்ணும் பலகை

இதுதான் நான் சொல்ல வந்த சாதனம். நம் கார்ப்பென்டரி ஷாப்பில் கிடக்கும் துண்டு பிளைவுட்டே போதும்.

18 மி.மீ. கனப் பிளைவுட் பலகை, 240 மி.மீ. நீளம், 140 மி.மீ. அகலம். அதில் 20 மி.மீ. இடைவெளி விட்டுப் பத்து வரிசை, வரிசைக்கு ஐந்து துளை, ஆக 50 துளை. டிரில் 6 மி.மீ. துளை மறுபக்கம் வரை போகட்டும். வரிசைகளின் ஓரத்தில் 1 முதல் 10 வரை பெயிண்டில் எண் எழுதுங்கள். வேலை முடிந்தது.

உறையின் உடல் 5.7 மி.மீ. என்பதால் துளைக்குள் இறங்கும். விளிம்பு 7 மி.மீ. என்பதால் மேலேயே தங்கும். ஒவ்வொரு கேடட்டும் தன் ஐந்து உறையைத் தன் எண்ணுள்ள வரிசையில் திறந்த வாய் கீழே போகும்படி சொருகுகிறார். இதில் மூன்று லாபம் இருக்கிறது.

முதலாவது, வாயால் எண்ண வேண்டியதில்லை. எந்தத் துளை காலியோ அந்த இடத்தில்தான் உறை குறைகிறது. ஏழாம் வரிசையில் நான்கு இருந்தால் ஏழாம் இடத்தில் தேடு, அவ்வளவுதான்.

இரண்டாவது, உறையின் அடிப்பாகம் மேலே தெரிவதால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஊசி குத்திய தழும்பு இருக்கிறதா என்று ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, சுடாத தோட்டா தவறி வந்தாலும் பலகை காட்டிக்கொடுத்துவிடும். காலி உறை 15.6 மி.மீ.தான், 18 மி.மீ. பலகைக்குள் அடங்கி விளிம்பு மட்டத்தோடு நிற்கும். குண்டோடு கூடிய முழுத் தோட்டா 25.4 மி.மீ. மேஜை மேல் வைத்த பலகையில் அது 7 மி.மீ.க்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். மெட்ராலஜியில் படிக்கும் ‘கோ, நோ-கோ கேஜ்’ இதுவேதான். இப்படித் துருத்தினால் கேடட் யாரும் தொடக் கூடாது. கையை உயர்த்திப் பயிற்சியாளரைக் கூப்பிட வேண்டும். வெடிக்காத தோட்டாவும் எப்போதும் அவர் கைக்குத்தான் போக வேண்டும், பலகைக்கு அல்ல.

எண்ணி முடிந்ததும் பலகையைத் தகரப் பெட்டி மேல் கவிழ்த்தால் 50 உறையும் கொட்டிவிடும். அடுத்த அணி வரலாம். 7.62, 5.56 உறைகளுக்கு அடி விளிம்பு உடலைவிட அகலமாக இருக்காது. துளை வழியே கீழே போய்விடும். அவற்றுக்கு அடி மூடிய குழிகள் உள்ள தட்டுத்தான் வேண்டும்.

“எதுக்கு இவ்வளவு பாடு? தராசுல போட்டா தெரிஞ்சிடுமே” என்று ஒரு கேள்வி வரும். நம்மூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எடை மேடையைப் பார்த்திருக்கிறீர்கள். வண்டியோடு கரும்பை எடை போடலாம், ஆனால் ஒரு கரும்பு குறைந்ததா என்று அது சொல்லுமா? 200 உறையின் எடை சுமார் 130 கிராம். ஒன்று குறைந்தால் வித்தியாசம் முக்கால் கிராம்கூட இல்லை. உறைக்குள் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணே அந்தக் குறையை மறைத்துவிடும். எடை என்பது பித்தளையைக் கழிவாக விற்கும்போது சரி. கணக்குக்கு எண்ணிக்கைதான்.

7. செய்யக் கூடாதவை

‘ரேஞ்ச் கிளியர்’ என்று அதிகாரி சொல்லும் வரை சுடும் கோட்டுக்கு முன்னால் ஒரு காலும் வைக்கக் கூடாது. உறை ஒன்று ஒரு அடி முன்னால் உருண்டு கண்ணெதிரே மின்னினாலும் விட்டுவிடுங்கள், அது ஓடிப் போகாது. பாயிண்ட் 22 தானே என்று எண்ண வேண்டாம்; அதன் குண்டு ஒரு மைலுக்கு மேலும் ஆபத்தானது என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, சுடுகளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து, சில நாட்களில் தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்துபோனான். அன்று அந்தக் களத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சுடுகளத்தின் பக்கம் உறை பொறுக்கப் போகும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உறையை வாயில் வைத்து விசில் அடிக்காதீர்கள். பையன்கள் எல்லாரும் செய்கிற காரியம் இது. பிரைமரின் ஈயச் சேர்மங்களும் எரிந்த கரியும் உறைக்குள் ஒட்டியிருக்கும். சலிக்கும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பொறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

ஞாபகார்த்தமாக ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளவே கூடாது. கீ-செயின் செய்யலாம் என்ற ஆசை பலருக்கும் உண்டு. அந்த ஒன்றுக்காக நாற்பது பேர் வெயிலில் மண்டியிடுவார்கள். பையின் மூலையில் மறந்து கிடந்த தோட்டாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டு, ஆயுதச் சட்ட வழக்கைச் சந்தித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தெரிந்தே வைத்திருந்தாரா இல்லையா என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேலை நேர்காணல் போய்விடும்.

ரோட்டிலோ வயலிலோ உறை கிடந்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். ஊசியின் தழும்பும் கொக்கியின் கீறலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். ‘எந்தத் துப்பாக்கி’ என்று தடயவியல் ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதே அந்தக் கீறல்களை வைத்துத்தான். நாம் துடைத்துப் பளபளப்பாக்கினால் சாட்சியை அழித்தவர்களாவோம்.

பழைய இரும்பு வியாபாரத்துக்குப் போகும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உறையோடு உயிருள்ள தோட்டா கலந்து உலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் பெரிய அளவில் நாடு பார்த்திருக்கிறது. 2004 செப்டம்பர் 30 அன்று காஜியாபாத் அருகே ஒரு எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த கழிவு இரும்பில் கலந்திருந்த வெடிகுண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிரித்து, எண்ணி, பார்த்து அனுப்ப வேண்டியதை யாரோ ஒருவர் பார்க்காமல் அனுப்பியதன் பலன் அது.

முடிவுரை

நண்பர்களே! நாளை நாம் தொழிற்சாலைக்குப் போனால் அங்கும் இதே வேலைதான் காத்திருக்கும். ஸ்டோரில் கொடுத்த டிரில் பிட் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, உடைந்தது எத்தனை? மெஷினைப் பிரித்து மாட்டிய பிறகு மேஜையில் ஒரு நட்டு மிச்சம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது? விமானத்தைப் பழுது பார்ப்பவர்கள் வேலை முடிந்ததும் ஸ்பேனர் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய பள்ளம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். நம் எண்ணும் பலகையும் அதே ஜாதிதான்.

கடைசியாகச் சுருக்கமாக: சுடும் முன் விரியுங்கள், நிதானமாக போல்ட்டை இழுங்கள், அணிக்கு அணி எண்ணுங்கள், குறைந்தால் நடக்காமல் நின்று யோசியுங்கள். இந்த நான்கையும் கடைப்பிடித்தால் சல்லடைக்கும் டார்ச்சுக்கும் பெரும்பாலும் வேலையே இருக்காது.

பலகையின் வரைபடத்தை வரைந்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு என்.சி.சி.யில் சேரும் தம்பி தங்கைகள் ஒர்க்‌ஷாப்பில் என்னையோ, நான் போன பிறகு கார்ப்பென்டரி இன்ஸ்ட்ரக்டர் சாரையோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு மதிய வேளையில் செய்துவிடலாம். டிரில் மட்டும் 6 மி.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஜெய்ஹிந்த்!